நோய்க்கு ஓர் ஆசனம் என்று அச்சிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் ஜூன் 21ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்த பிறகு, ஆண்டுதோறும் அந்தத் தேதியை ஒட்டி எல்லா நாளிதழ்களிலும் யோகாவுக்கு ஒரு பக்கம் வருகிறது, உங்கள் நாளிதழிலும் வருகிறது. வருவதில் எனக்கு சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் தலைகீழாக நிற்கும் ஒருவரின் பெரிய படம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆசனத்தின் பெயர், அதற்கு நேராக அது தீர்க்கும் நோயின் பெயர். பல வருஷமாக யோகா செய்துகொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறவள் என்ற முறையில், இந்தக் கட்டங்களை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். "மேடம், எனக்கு தைராய்டு, இதில் சர்வாங்காசனம் போட்டிருக்கிறது, அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள் போதும்" என்கிறார்கள். கேட்பவர் நடுத்தர வயதுக்காரர், வருஷக்கணக்கில் தரையில் உட்கார்ந்ததே இல்லை, கழுத்தைத் திருப்பினால் தோளும் சேர்ந்து திரும்புகிறது. கழுத்தை மடக்கி அழுத்தம் கொடுத்தால் தைராய்டு சுரப்பி சரியாகிவிடும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் உடம்பின் எடையைக் கழுத்திலும் தோளிலும் தாங்கத் தெரியாதவர் அந்த ஆசனத்துக்குப் போனால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும் நிச்சயம்.

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இன்னும் பெரிய கவலை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நாளில் உடம்பு லேசாகிவிட்டது என்று தாங்களாகவே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். தூக்கம் நன்றாக வருகிறது, படபடப்பு குறைந்திருக்கிறது, உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் ரத்த அழுத்தம் ஏறினாலும் பல பேருக்கு ஒன்றுமே தெரியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். மருந்தின் அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அளந்து பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். யோகா ஆசிரியருக்கு அந்த வேலை கிடையாது, செய்தித்தாளுக்கும் கிடையாது.

யோகாவால் பலனே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்து அமெரிக்க மருத்துவர்களின் பெரிய அமைப்பு ஒன்று 2017இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மூச்சு விஷயமும் அப்படித்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், வெளியே விடும்போது துடிப்பு மெதுவாகும், இது எல்லோர் உடம்பிலும் தானாக நடப்பது. அதனால்தான் வெளிமூச்சை நீளமாக விடப் பழகியவர்களுக்குப் படபடப்பு அடங்குகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம், அதை நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவாக்கும்போது உடம்பின் ரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் அமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். இவற்றில் எதற்கும் தலைகீழாக நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

தலைகீழாக நிற்கும் அந்தச் சிரசாசனத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த நிலையில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று கண் மருத்துவர்களே அளந்து சொல்லியிருக்கிறார்கள். கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பவர்களுக்கு இது பார்வை சம்பந்தப்பட்ட விஷயம், அந்த நோய் தனக்கு இருப்பதே பல பேருக்குத் தெரிவதில்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் என்று வேண்டாதவர் பட்டியல் நீளமாகப் போகும். வயதாகி எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனியும் ஆசனங்களில் கூடக் கவனமாக இருக்க வேண்டும், முதுகெலும்பில் முறிவு வரலாம். வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுப்பதும் இதே போலத்தான், கர்ப்பிணிகளும் குடலிறக்கம் உள்ளவர்களும் அதைச் செய்யக் கூடாது. உங்கள் கட்டங்களில் இதில் ஒரு வரிகூட வருவதில்லை, பலன் மட்டும்தான் வருகிறது.

பழைய நூல்களைப் புரட்டினாலும் நாம் படம் போடுகிற யோகா அங்கே இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் சுமார் 195, அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாக வருவது மூன்றே மூன்று. உட்கார்ந்த நிலை அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே முதலில் சொல்லப்படுவது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளைப் பற்றிப் பாடும்போதும், இயமம் நியமம் என்ற ஒழுக்க விதிகள் முடிந்த பிறகுதான் ஆதனத்துக்கு, அதாவது ஆசனத்துக்கு, வருகிறார். உடம்புப் பயிற்சிக்கு நிறைய இடம் கொடுக்கும் ஹடயோக பிரதீபிகை என்ற நூலில் பதினைந்து ஆசனங்கள் விவரிக்கப்படுகின்றன, அவற்றில் பாதிக்கு மேல் உட்காருகிற நிலைகள், அசையாமல் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனமும் பதினைந்தில் ஒன்று, சிரசாசனம் அந்தப் பதினைந்தில் இல்லை. தலை கீழும் கால் மேலுமான விபரீதகரணி பின்னால் முத்திரைகள் என்ற பகுதியில் வருகிறது, அதையும் முதல் நாள் ஒரே ஒரு கணம்தான் செய்யச் சொல்கிறது, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக. மூச்சுப் பயிற்சியைச் சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவது போல மெல்ல மெல்லப் பழக்கச் சொல்லி, அவசரப்பட்டால் பழக்குகிறவனையே கொன்றுவிடும் என்று எச்சரிக்கிற நூல் அது. அவ்வளவு ஜாக்கிரதையாகச் சொல்லி வைத்ததை நாம் ஒரு கட்டத்துக்குள் நான்கு வரியில் அடைத்துக்கொடுக்கிறோம்.

இன்றைக்கு உலகம் முழுக்க யோகா சொல்லிக்கொடுக்கிற பல மரபுகளுக்கு வேராக இருந்தவர் டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). 1930களில் மைசூர் அரண்மனையில் பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது துள்ளலும் வேகமுமான பயிற்சி, வளர்கிற உடம்புக்கு அது சரி. பின்னாளில் சென்னையில் வயதானவர்களும் நோயாளிகளும் அவரிடம் வந்தபோது, ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, அவரவர் வயது, வேலை, மூச்சு எல்லாவற்றையும் பார்த்து அவரவருக்கென்று பயிற்சி அமைத்துக் கொடுத்தார். அவரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) நாற்காலி, பட்டை, கட்டை, கம்பளி என்று வீட்டில் கிடைக்கும் பொருள்களையே துணைக்கு வைத்து, வளையாத உடம்புக்காரரும் ஆசனத்தில் நிற்க வழி செய்தார். உடம்புக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்றுவதுதான் இந்தப் பெரியவர்கள் செய்த வேலை. நாம் அதை மறந்துவிட்டு, ஆசனத்துக்குத் தகுந்தபடி உடம்பை இழுத்து வளைக்கச் சொல்கிறோம்.

வகுப்பில் இது எப்படி நடக்கிறது என்று ஓர் உதாரணம். அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவை நேராக நிற்கச் சொல்லி, மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொல்கிறேன். கை தூக்குவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கை காதுக்குப் பக்கத்தில் போவதற்குள் தோள் இரண்டும் மேலே ஏறிவிடும், தாடை இறுகும், கால் விரல்கள் தரையைப் பற்றிக்கொள்ளும், மூச்சு பாதியிலேயே நின்றுபோயிருக்கும், ஆனால் கை மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் அவரை நிறுத்தி, "மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கேயே கையும் நிற்கட்டும் அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். கை தோள் மட்டத்தோடு நின்றுவிடும். சரி, இன்றைக்கு அவருக்கு அதுதான் ஆசனம். அடுத்த சில வாரங்களில் மூச்சு நீள நீளக் கை தானாக மேலே போகும். தாடை தளர்ந்து, முகம் இயல்பாக, மூச்சு சத்தமில்லாமல் போய் வருவதைப் பார்க்கும்போது அவருக்கு யோகா வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், கை எவ்வளவு உயரம் போனது என்பதெல்லாம் எனக்கு முக்கியமே இல்லை. இதைப் படம் எடுத்தால் பத்திரிகையில் போடுகிற மாதிரி இருக்காது என்பதும் தெரியும். ஆனாலும் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பத்மாசனமும் அப்படித்தான். அந்த ஆசனத்தில் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகியவருக்கு இடுப்பு திரும்பாது, காலை இழுத்து மடக்கினால் திருகுவது முட்டிதான், முட்டி அப்படித் திருகுவதற்காக அமைந்த மூட்டு இல்லை. வலிக்கிறது என்று சொன்னால் "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று சொல்லும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். தொடையின் பின்பக்கத் தசை இழுபடுவது பழகச் சரியாகும். முட்டிக்குள் குத்துகிற வலி பழகச் சரியாவதில்லை. உடனே காலை எடுத்துவிட வேண்டும். சம்மணம் போட்டு, இடுப்புக்குக் கீழே மடித்த போர்வை ஒன்றை வைத்து, முட்டிகள் இரண்டும் இடுப்புக்குக் கீழே இறங்கும்படி உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிரும், மூச்சுப் பயிற்சிக்கு அது தாராளமாகப் போதும். தரையில் உட்கார முடியாதவர் நாற்காலியின் நுனியில், பாதம் இரண்டும் தரையில் பதிய உட்காரலாம். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

அப்புறம், எல்லோரும் சொல்கிற அந்த "நேரமில்லை". ஒரு மணி நேர வகுப்புதான் யோகா என்று நாம் பழக்கிவிட்டதால் வந்த பதில் இது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் செய்பவரைவிட, தினமும் பதினைந்து நிமிடம் செய்பவருக்குத்தான் உடம்பு மாறுகிறது, இதை என்னிடம் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நீண்ட காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு என்று பதஞ்சலி பயிற்சிக்குச் சொன்ன மூன்றில் ஒன்றாவது ஒரு நாளில் எவ்வளவு நேரம் என்பதைப் பற்றியது இல்லை. காலையில் வெறும் வயிற்றில் விரிப்பைப் போட்டு, தவழும் நிலையில் நின்று முதுகை மேலும் கீழுமாகச் சில முறை அசைத்து, குப்புறப் படுத்து நெஞ்சைக் கொஞ்சமாக உயர்த்தும் புஜங்காசனம், மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது, பிறகு உட்கார்ந்து நீளமாக மூச்சு, கடைசியில் படுத்து ஓய்வு. பதினைந்து நிமிடத்துக்கு இதுவே போதும்.

மீதி நாள் முழுக்கவும் பயிற்சிக்கு இடம் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது எடை ஒரே காலில் சாய்கிறதா என்று பார்த்து இரண்டு பாதத்திலும் சமமாக நிற்பது தாடாசனம்தான், அதற்குத் தனியாக விரிப்பு வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்கில் இருப்பவர்கள் அவ்வப்போது எழுந்து, சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி முதுகை நீட்டிவிட்டு மறுபடி உட்காரலாம். எரிச்சலூட்டும் போன் வந்தால் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு வெளிமூச்சை முழுதாக விட்டுப் பாருங்கள், பேசுகிற குரலே வேறு மாதிரி இருக்கும். பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது தரையில் உட்கார்ந்து எழுவதையும், சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதையும்தான். 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பே சொல்கிறது, கீழே விழாமல் இருப்பதற்காக. சுவரில் ஒரு விரலை வைத்துச் செய்கிற விருட்சாசனம் அதற்கு அருமையான பயிற்சி. இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு குளியலறைக்குப் பயமில்லாமல் போகிறேன் என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய பலன் எதுவும் தெரியாது.

சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இப்போது ஆசிரியர்கள் வேகவேகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். பல நாடுகளில் 200 மணி நேரப் பயிற்சி முடித்தால் ஆசிரியர் சான்றிதழ் கிடைக்கிறது, ஒரு மாதத்திலேயே முடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஆரம்பத்துக்கு அது தவறில்லை. ஆனால் அந்த 200 மணி நேரத்தில் ஆசனம் செய்யத்தான் கற்றுக்கொள்ளலாம், எதிரில் நிற்பவரின் மூச்சைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும். தானே செய்து காட்டிக்கொண்டு முன்னால் நிற்கிற ஆசிரியர் மாணவர்களைப் பார்ப்பதே இல்லை. இரண்டு முறை செய்து காட்டிவிட்டு நடந்து வந்து பாருங்கள், யார் பல்லைக் கடிக்கிறார், யார் பக்கத்து ஆளைப் பார்த்துப் போட்டி போடுகிறார் என்று அப்போதுதான் தெரியும். கேட்காமல் யாரையும் தொடக் கூடாது. முதுகில் கை வைத்து அழுத்திக் குனிய வைப்பது கூடவே கூடாது, தசை கிழிவது அப்படித்தான். யோகத்தின் எட்டு உறுப்புகளில் முதலாவதான இயமம் தொடங்குவதே அகிம்சையில், அதை வகுப்பில் முதலில் காட்ட வேண்டியவர் ஆசிரியர்தான்.

நேரமாகிவிட்டது என்று சவாசனத்தை வெட்டுகிற பழக்கமும் பரவிவிட்டது. அதை வெட்டுவதற்குப் பதிலாக ஓர் ஆசனத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்கு எதுவும் செய்யாமல் படுத்திருப்பதுதான் கஷ்டமான ஆசனம், அதைத்தான் அவர்கள் நம்மிடம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். சாதனைக்காக மணிக்கணக்கில் ஒரே ஆசனத்தில் நிற்க வைக்கப்படும் பிள்ளைகளின் படங்களைப் பாராட்டிப் போடாதீர்கள். வளர்கிற எலும்பையும் மூட்டையும் வைத்து யாரும் சாதனை செய்ய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஓட்டமும் விளையாட்டும், நடுவில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதும் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. நோயின் பெயரை ஆசனத்துக்கு நேராகப் போடாதீர்கள். பலன் எழுதுகிற அதே எழுத்து அளவில் யார் செய்யக் கூடாது என்பதையும் எழுதுங்கள், அதை ஒரு மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு அச்சிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற பயிற்சிக்கும், சுவரைப் பிடித்துச் செய்கிற பயிற்சிக்கும் படம் போடுங்கள், உங்கள் வாசகர்களில் பெரும்பாலானவர்களால் நாளைக்கே செய்ய முடிந்தது அதுதான். மருந்தை நிறுத்தாதீர்கள் என்ற ஒரு வரி ஒவ்வொரு யோகா கட்டுரைக்கும் கீழே இருக்கட்டும்.

இதைப் படிக்கிற சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. புதிதாக ஒருவர் வந்தால் விரிப்பைப் போடச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ரத்த அழுத்தம், கண், கழுத்து, முதுகு, செய்துகொண்ட அறுவை சிகிச்சை, எடுக்கிற மருந்து, பெண்களானால் கர்ப்பமா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் கேளுங்கள். ஆசிரியர் கேட்க மறந்துவிட்டால், வகுப்பு தொடங்குவதற்கு முன் நீங்களே எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள் என்று மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யோகா சொல்லிக்கொடுக்கும் ஒரு வாசகி